ஜப்பான் 123: விபத்து நடந்தது 1985-லா, 1978-லா?

#1 – கீழ்வானம்

1985 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை மாலை. டோக்கியோ ஹனேதாவிலிருந்து ஒசாகா இதாமிக்கு ஒரு ஜம்போ, அதாவது போயிங் 747, கிளம்புகிறது. ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. முன்னோர்களை வரவேற்கும் ஓபோன் பண்டிகை வாரம், நாடே சொந்த ஊருக்குப் போகும் நாட்கள். 509 பயணிகள், 15 பணியாளர்கள். 6:12-க்கு ஏறியது. 6:24-க்கு சகாமி விரிகுடாவின் மேல் 24,000 அடியை எட்டும் வேளையில் பின்பக்கம் பெரிய சத்தம். 6:56-க்கு குன்மா மாகாணத்தில் உயெனோ கிராமத்து மலைமுகட்டில் மோதியது. 520 பேர் இறந்தார்கள், 4 பேர் பிழைத்தார்கள். ஒரே ஒரு விமானம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இன்றுவரை இதைவிடப் பெரியது இல்லை.

பல வருடமாக என்னை விடாமல் பிடித்திருப்பது அந்த 32 நிமிடம் இல்லை. அதற்கு முந்தைய ஏழு வருடம். இதே விமானம் 1978 ஜூன் 2 அன்று இதாமியில் இறங்கும்போது வாலைத் தரையில் உரசியது. உற்பத்தி செய்த போயிங் நிறுவனத்தின் ஆட்களே வந்து பழுது பார்த்தார்கள். அந்தப் பழுதில் ஒரு பிழை. அதைச் சுமந்துகொண்டு 12,000 தடவைக்கு மேல் பறந்திருக்கிறது. ஏழு வருடம் ஒருவர் கண்ணிலும் படாமல் எப்படி இருந்தது? தொழில் தெரிந்தவர்கள் யாராவது சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

#2 – சாலமன்_நெல்லை

வால் செங்குத்துத் துடுப்பு பெரும்பகுதி பிய்ஞ்சு கடல்ல விழுந்துட்டுது, அப்புறமும் அரை மணி நேரம் மேலயே இருந்திருக்காங்க. அந்த விமானிகளை நினைச்சா எனக்கு மனசு நிறையுது, அடுத்த நிமிஷமே கலங்குது. கேப்டன் தகஹாமா மசாமிக்கு வயசு 49. அன்னைக்கு அவர் வலது சீட்டுல இருந்தார், துணை விமானி கேப்டன் ஆகறதுக்கான பயிற்சியில இடது சீட்டுல. என்ன உடைஞ்சுதுன்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. விமானி அறையில இருந்து வாலைப் பார்க்க முடியாதே.

#3 – ஏஎம்ஈ_பம்மல்

விமானப் பராமரிப்பில் 22 வருடம், அதில் பெரும்பகுதி தகட்டு வேலை. கீழ்வானம் கேட்டதற்கு என்னால் முடிந்தவரை சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

பயணிகள் இருக்கும் பகுதியில் காற்றை அழுத்தி வைத்திருப்போம். வாலுக்குள் அந்த அழுத்தம் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருக்கும், பின்பக்க அழுத்தச் சுவர். பெயர்தான் சுவர், பார்த்தால் விரித்த குடை மாதிரி இருக்கும். ஜம்போவில் அதன் விட்டம் சுமார் நாலரை மீட்டர். குடைத்துணியைப் போலவே துண்டு துண்டான அலுமினியத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூடக் கிடையாது. குடைக்கம்பி மாதிரி பின்னால் விறைப்புப் பட்டைகள். 24,000 அடியில் அந்தக் குடையின் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் எட்டரை பவுண்டுக்கு மேல் அழுத்தம். மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள், ஏறத்தாழ நூறு டன் வருகிறது. ஏறும்போது நூறு டன் தள்ளும், இறங்கும்போது விடும். ஒவ்வொரு பயணத்திலும் இதேதான்.

1978-இல் வால் உரசியபோது குடையின் கீழ்ப்பாதி சேதமானது. கீழ்ப்பாதியைப் புதிதாகப் போட்டு, பழைய மேல்பாதியோடு சேர்த்தார்கள். ஓரிடத்தில் இரண்டு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு போதவில்லை. தகடுகளைச் சேர்த்துப் பிடிக்க அடிக்கும் ஆணிதான் ரிவெட். ரிவெட் துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவே இத்தனை இடம் இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு, அது குறைந்தது. இது நடக்கக்கூடியதுதான். அதற்கான தீர்வும் சரியாகவே எழுதப்பட்டது: இரண்டுக்கும் நடுவில் ஒரே துண்டாக ஒரு இணைப்புத் தகடு வைத்து, மூன்று வரிசை ரிவெட் அடி.

செய்தது வேறு. அந்த ஒற்றைத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்துவிட்டார்கள்.

#4 – ஏஎம்ஈ_பம்மல்

(தொடர்ச்சி) இரண்டாக வெட்டினால் என்ன என்று கேட்பீர்கள். வேட்டி கிழிந்தால் அடியில் ஒட்டுத்துணி வைத்துத் தைக்கிறோம். கிழிசலின் இந்தப் பக்கமும் தையல், அந்தப் பக்கமும் தையல், நடுவில் ஒட்டுத்துணிதான் பாலம். அந்த ஒட்டுத்துணியைத் தையலுக்கு நடுவே குறுக்காக வெட்டிவிட்டுத் தையுங்கள். மேலே இருந்து பார்த்தால் எல்லாத் தையலும் அப்படியே இருக்கும், பாலம் மட்டும் இருக்காது.

அங்கே நடந்தது அதுதான். மூன்று வரிசை ரிவெட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் இரண்டு வரிசை பகிர வேண்டிய பாரத்தை நடு வரிசை ஒன்றே தாங்கியது. அந்த மூட்டின் பலம் ஏறத்தாழ 70 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று விசாரணைக் குழு சொன்னது.

70 சதவீதம் என்பதுதான் கொடுமை. பத்து சதவீதமாக இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே பிய்ந்து தெரிந்துபோயிருக்கும். 70 போதும் போலத் தோன்றும் பலம். ஆனால் ஒவ்வொரு தடவை காற்றடைக்கும்போதும் ரிவெட் துளை ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும். பக்கத்துத் துளையிலிருந்தும் ஒன்று கிளம்பும். ஒரு நாள் எல்லாம் கைகோத்துவிடும்.

இன்னொரு விஷயம். இது சாதாரண 747 இல்லை, 747எஸ்ஆர். ஜப்பானின் உள்நாட்டுக் குறுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த ரகம். பறந்த நேரம் சுமார் 25,000 மணி, பறந்த தடவை 18,800-க்கு மேல். நெடுந்தூர ஜம்போ பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை காற்றடைக்கும். இது சுமார் ஒரு மணி இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை. உலோகத்துக்கு மணிக்கணக்கு தெரியாது, எத்தனை தடவை இழுத்தோம் என்பதுதான் தெரியும்.

#5 – வைகறை

அருமையான விளக்கம் சார். வேட்டி உதாரணத்தில்தான் எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது.

ஒரு சந்தேகம். குடை கிழிந்தால் காற்று வெளியே போகும், சரி. வால் ஏன் பிய்ந்தது?

#6 – ஏஎம்ஈ_பம்மல்

சுவருக்குப் பின்னால் இருக்கும் வால்பகுதி அழுத்தம் தாங்கக் கட்டியதில்லை. உள்ளே இருந்த காற்று ஒரே மூச்சில் அங்கே பாய்ந்ததும் ஊதிய காகிதப்பை மாதிரி வெடித்தது. செங்குத்துத் துடுப்புக்குள் ஆள் நுழைந்து வேலை பார்க்க ஒரு திறப்பு உண்டு, அது வழியாகவும் காற்று ஏறித் துடுப்பை உள்ளிருந்தே பிளந்தது. விமானத்தைத் திருப்பும் பாகங்களை எண்ணெய் அழுத்தத்தால் அசைப்பவை ஹைட்ராலிக் அமைப்புகள். அந்த நான்கின் குழாய்களும் அந்த இடத்தில்தான் கூடுகின்றன. ஒன்று போனால் மூன்று, இரண்டு போனால் இரண்டு என்று கணக்குப் போட்டுத்தான் நான்கு வைத்தார்கள். நாலும் ஒரே சந்தில் ஓடின.

பிறகு 747-களில் அந்தத் திறப்புக்கு மூடி போட்டார்கள். நான்காவது ஹைட்ராலிக் அமைப்பில் குழாய் அறுந்தால் எண்ணெய் முழுதும் வடியாமல் தடுக்கும் வால்வும் வந்தது.

#7 – ராடார்_பிரியன்

நீங்க எல்லாரும் அரசாங்க அறிக்கையை அப்படியே நம்பறீங்க. ஏவுகணை பட்டதுன்னு ஜப்பான்லயே நிறைய பேர் எழுதியிருக்காங்க. வாலோட பல பாகத்தைக் கடல்ல இருந்து இன்னும் எடுக்கலை. சட்டுனு அழுத்தம் போயிருந்தா உள்ளே இருந்தவங்க காது கிழிஞ்சிருக்கணும், எல்லாம் பறந்திருக்கணும், அப்படி இல்லையேன்னு விமானிகள் சங்கத்துலயே கேட்டாங்க. அதுக்கு என்ன பதில்?

#8 – கீழ்வானம்

கேள்வி நியாயமானது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். அழுத்த வேகம் பற்றிய சந்தேகத்தை விமானிகள் எழுப்பியது உண்மை. ஆனால் வெடிச்சத்தம் கேட்டதும் உள்ளே வெள்ளைப் பனிமூட்டம் மாதிரி பரவியதைப் பிழைத்த பெண்களே சொன்னார்கள். அழுத்தம் திடீரென்று குறைந்தால் ஈரம் அப்படித்தான் பனியாகும். ஆக்சிஜன் முகமூடிகள் தானாக விழுந்தன. அவை தொங்குவதை ஒரு பயணி எடுத்த புகைப்படமே கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, கிழிந்த சுவர் கையில் இருக்கிறது. ரிவெட் வரிசையில் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த கோடுகள் உலோகத்தின் மேலேயே இருக்கின்றன. ஏவுகணை அந்தக் கோட்டைப் போடாது. மேலும், தன் பழுதுபார்ப்பில் தவறு இருந்ததை 1985 செப்டம்பரிலேயே போயிங் ஒப்புக்கொண்டது. விசாரணைக் குழுவின் அறிக்கை 1987 ஜூனில்தான் வந்தது.

கடலில் கிடக்கும் மிச்சத்தையும் எடுக்க வேண்டும் என்ற உங்கள் ஆதங்கத்தில் நானும் உங்களோடு இருக்கிறேன். குடும்பத்தினர் அதைக் கேட்கும்போது மறுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

#9 – மேகலா_டோக்கியோ

நான் ஒன்பது வருஷமா இங்க இருக்கேன். ஹனேதா பக்கத்துல ஜப்பான் ஏர்லைன்ஸோட பாதுகாப்பு விழிப்புணர்வு மையம் இருக்கு, 2006-ல திறந்தது. முன்பதிவு பண்ணிட்டுத்தான் போகணும். போன வருஷம் போனேன்.

அந்தச் சுவரை அங்கேதான் வெச்சிருக்காங்க. பொறுக்கி எடுத்த துண்டுகளைச் சேர்த்து நிறுத்தியிருக்காங்க. பம்மல் சார் சொன்ன குடை உருவம் அப்படியே தெரியுது, ஆனா பெரிய மரம் புயல்ல கிழிஞ்ச மாதிரி. எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஆனாலும் ரிவெட் ஓட்டைங்க வரிசையா இருக்கற இடத்துல கிழிசல் நேர்கோடா ஓடறதை யார் பார்த்தாலும் கண்டுபிடிச்சுடலாம். தபால்தலைப் பக்கத்துல ஓட்டை வழியா கிழிப்போமே, அந்த மாதிரி.

அடுத்த அறைல பயணிகள் எழுதின கடைசிக் குறிப்புகள். நோட்டுல, கைக்குக் கிடைச்ச தாள்ல எழுதியிருக்காங்க. எழுத்து மேலயும் கீழயும் போகுது, விமானம் அப்படி ஆடிட்டிருந்திருக்கு. குழந்தைங்களை நல்லாப் பார்த்துக்கோன்னு மனைவிக்கு எழுதறாங்க. எனக்கு ஜப்பானிய எழுத்து நிதானமாத்தான் வரும், ஒவ்வொரு எழுத்தா படிக்கறப்ப பாதில நின்னுட்டேன். கூட வந்த ஜப்பானியத் தோழி மீதியை மெல்லப் படிச்சுச் சொன்னா.

புது ஊழியர்களை அங்க கூட்டிட்டு வந்து காட்டறாங்க. அது ரொம்ப சரியான காரியம்னு எனக்குத் தோணுது.

#10 – சாலமன்_நெல்லை

மேகலா அக்கா, படிச்சு முடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணலை. பாடகர் சகமோத்தோ கியூவும் அந்த விமானத்துலதான் போனார். 1963-ல அமெரிக்காவுல முதலிடம் பிடிச்ச ஜப்பானியப் பாட்டு அவர் பாடினதுதான்.

#11 – கண்ணகி_மதுரை

எல்லோரும் ரிவெட் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்த இரவுதான் ஆறவில்லை.

6:56-க்கு விழுந்தது. இருபது நிமிடத்துக்குள் அமெரிக்க விமானப்படையின் ஒரு சி-130 சரக்கு விமானம் மலையில் தீ எரிவதைக் கண்டுபிடித்து இடத்தைச் சொல்லிவிட்டது. ஜப்பானிய மீட்புக் குழுவினர் நடந்துபோய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில். இடம் எது என்று இரவு முழுக்கக் குழப்பம். இருட்டில் அந்த மலையில் இறங்க முடியாது, யாரும் உயிரோடு இருக்க வழியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் உயிரோடு இருந்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவர் அன்று பணியில் இல்லாமல் பயணியாக வந்த விமானப் பணிப்பெண். விழுந்த பிறகு சுற்றிலும் பலருடைய குரல் கேட்டது என்றும், இரவு ஏற ஏற ஒவ்வொன்றாக அடங்கியது என்றும் அவர் சொன்னார். நான்கு பேர் பிழைத்தார்கள் என்று எழுதும்போதெல்லாம் இதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த நாலு என்ற எண் மலையில் விழுந்தபோது தீர்மானமானது இல்லை, விடியும்வரை குறைந்துகொண்டே வந்த எண்.

#12 – ராடார்_பிரியன்

இது நான் முழுசாப் படிக்காத பக்கம். கண்ணகி சொல்றதுதான் உண்மையிலேயே கோபப்பட வேண்டிய இடம். ஏவுகணைப் பேச்சை விட்டுடறேன்.

#13 – வைகறை

விமானிகள் ஆக்சிஜன் முகமூடி போடவில்லை என்று படித்தேன். அது அவர்கள் தவறா?

#14 – தாழப்பறவை

சிறு விமானம் ஓட்டப் பயிற்சி பெற்றவன் நான், ஜம்போ பற்றிப் பேசத் தகுதி கிடையாது. ஆனால் இதைக் கொஞ்சம் படித்திருக்கிறேன்.

ஆமாம், அவர்கள் முகமூடி அணிந்த அடையாளம் ஒலிப்பதிவில் இல்லை. 20,000 அடிக்கு மேல் பதினெட்டு நிமிடம்போல இருந்தார்கள். மூளைக்குக் காற்று குறைந்து தீர்மானம் மந்தமாகியிருக்கலாம் என்று அறிக்கையும் சொல்கிறது. தவறு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் நடக்காத விமானம். மூக்கு தானாக எழும், வேகம் குறையும், பிறகு தானாகக் கவிழும், வேகம் ஏறும். அதோடு இடமும் வலமும் சாய்ந்து ஆடும். கட்டுப்படுத்த முடியவில்லை என்று தரைக்குத் தெரிவித்துவிட்டு, நான்கு என்ஜின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே அதை ஓட்டினார்கள். விசை கூட்டினால் மூக்கு ஏறும். ஒரு பக்கம் மட்டும் கூட்டினால் மறுபக்கம் திரும்பும். ஆனால் நினைத்த வேளைக்குத் திரும்பாது.

6:40 வாக்கில் சக்கரத்தை மாற்று முறையில் இறக்கினார்கள். அதன் காற்றுத்தடையால் ஏறி இறங்கும் ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. ஒத்சுகி நகரத்துப் பக்கம் ஒரு முழு வட்டம் அடித்துக் கீழே இறங்கினார்கள். பிறகு மலைகள் எதிரே வந்துவிட்டன. சமவெளிப் பக்கமோ கடல் பக்கமோ திரும்பியிருந்தால் என்று பலர் எழுதுகிறார்கள். திருப்ப முடிந்திருந்தால் ஹனேதாவுக்கே திருப்பியிருப்பார்கள்.

ஒன்று மட்டும் அவசியம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி இந்த விபத்தைப் படித்துவிட்டு, எல்லா ஹைட்ராலிக்கும் போனால் விசையை மட்டும் வைத்து ஓட்ட முடியுமா என்று சிமுலேட்டரில் பழகிப் பார்த்தார். 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 விமானத்தில் பயணியாகப் போனார். நடு என்ஜின் சிதறி மூன்று ஹைட்ராலிக்கும் போயின. அவர் விமானி அறைக்குப் போய், தரையில் மண்டியிட்டு, விசைக் கைப்பிடியைப் பிடித்தார். சூ சிட்டியில் விழுந்து நொறுங்கியும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

#15 – சாலமன்_நெல்லை

இது எனக்குத் தெரியவே தெரியாது. தகஹாமாவும் அவரோட ஆட்களும் 32 நிமிஷம் போராடினது அந்த 184 பேர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு.

#16 – கீழ்வானம்

என் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏழு வருடம், நடுவில் எத்தனை பெரிய பராமரிப்புச் சோதனைகள். ஒன்றில்கூடத் தெரியாமல் போனது ஏன் சார்?

கேட்கும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் இருபது பேர்மீது வழக்குக் கோப்பு அனுப்பியது. போயிங் ஆட்கள், விமான நிறுவனத்து ஆட்கள், அமைச்சக ஆட்கள் என்று மூன்று தரப்பும் அதில் இருந்தார்கள். ஒருவர்கூட நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. அந்தத் தகட்டை வெட்டியவர் ஏன் வெட்டினார் என்று அவர் வாயால் ஜப்பானியக் குழு கேட்கவே முடியவில்லை.

#17 – ஏஎம்ஈ_பம்மல்

நேற்று இரவு முழுக்க இதையே யோசித்தேன்.

முதல் காரணம் சாதாரணமானது. தகட்டு மூட்டில் காற்று கசியாமல் இருக்க சீலன்ட் பூசுவோம். வெட்டிய இடைவெளியும் சீலன்ட்டுக்குள் போய்விட்டது. பிறகு வந்து பார்த்தவர்களுக்கு மூன்று வரிசை ரிவெட் தலையும் ஒழுங்கான சீலன்ட் விளிம்பும்தான் தெரிந்திருக்கும். பிரித்தால் ஒழியத் தெரியாது. பிரிக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை.

இரண்டாவது காரணம் கடினமானது. விமானத்தைச் செய்தவர்களே வந்து செய்த பழுது அது. அவர்களுக்குமேல் யாரைக் கேட்பது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் அந்த இடத்தில் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஏன் வெட்டினார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எப்படி வெட்டத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். நான் முன்பு இருந்த ஒரு பட்டறையில் இப்படி ஒரு நாள் நடந்தது. வளைவான இடத்துக்கு ஒரே துண்டு ஒட்டுத்தகடு. எத்தனை தடவை வளைத்தும் உட்காரவில்லை. என்னோடு இருந்த நல்ல தொழிலாளி, என்னைவிடக் கை சுத்தமானவர், இரண்டாக வெட்டி வைத்தால் அழகாக உட்காரும் என்றார். உட்காரவும் செய்தது. இடைவெளி ஒரு நூல்கூட இல்லை. பார்க்க அத்தனை நேர்த்தி. மூடலாம் என்று நானே சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெரியவர். சீலன்ட் பூசுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு, பூசின பிறகு கூப்பிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்பது அவர் வழக்கம். வந்தார், விரல் நகத்தால் தடவிப் பார்த்தார், இது எத்தனை துண்டு என்று கேட்டார். பதில் சொன்னேன். வேலைக்கான வரைபடத்தை எடுத்து வரச் சொன்னார். படத்தில் ஒரு துண்டு. எல்லா ரிவெட்டையும் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி செய்தோம், இரண்டு நாள் போனது. அவர் திட்டவில்லை, ஜப்பான் 123 பற்றிச் சொன்னார். அதற்கு முன் நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

#18 – வைகறை

சார், இதே மாதிரி தைவானிலும் ஒன்று நடந்தது இல்லையா?

#19 – ஏஎம்ஈ_பம்மல்

ஆமாம் தம்பி. சைனா ஏர்லைன்ஸ் 611, 2002 மே 25. அதுவும் 747தான். 1980-இல் ஹாங்காங்கில் வால் உரசியது. உரசல் கீறலை வெட்டி அகற்றாமல் மேலே ஒட்டுத்தகடு போட்டு மூடினார்கள், அதுவும் கீறலை முழுதாக மூடும் அளவில் இல்லை. 22 வருடம் கழித்து வானத்திலேயே சிதறி 225 பேர் இறந்தார்கள். அந்த ஒட்டுத்தகட்டு ஓரத்தில் பழுப்புக் கறை இருந்தது. விமானத்துக்குள் சிகரெட் பிடித்த காலத்துப் புகை விரிசல் வழியாகக் கசிந்து படிந்த கறை. விபத்துக்கு முன்னால் எடுத்த புகைப்படத்திலேயே அது தெரிகிறது.

#20 – கண்ணகி_மதுரை

1985-க்குப் பிறகு 17 வருடம் அந்த விமானம் பறந்திருக்கிறது. ஜப்பான் அறிக்கை வந்த அன்றே உலகம் முழுக்க வால் உரசிய எல்லா விமானத்தின் ஒட்டையும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் சார். 225 பேர். இதை என்னால் விட முடியவில்லை.

#21 – ஏஎம்ஈ_பம்மல்

விடாதீர்கள் அம்மா. பழைய விமானங்களின் பழைய பழுதுகளைத் திரும்பத் தேடிப் பரிசோதிக்கும் திட்டம் பிறகு வந்தது. அந்த விமானத்தின் முறை வருவதற்குள் அது விழுந்துவிட்டது.

#22 – மேகலா_டோக்கியோ

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 11 சாயங்காலம் உயெனோ கிராமத்துல கன்னா ஆத்துல விளக்கு மிதக்க விடறாங்க. மறுநாள் குடும்பத்துக்காரங்க விமானம் விழுந்த ஒசுதகா முகட்டுக்கு ஏறறாங்க. அன்னைக்கு நாப்பது வயசுல இருந்தவங்க இப்ப எண்பது தாண்டிட்டாங்க, கம்பு ஊனி ஏறறாங்க, பேரப்பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கறாங்க. இந்த வருஷம் நானும் தோழியும் போகலாம்னு இருக்கோம். பம்மல் சார், உங்க இன்ஸ்பெக்டர் ஐயா இப்ப இருக்காரா? அங்கிருந்து அவருக்கு ஒரு படம் எடுத்து அனுப்பணும்னு ஆசையா இருக்கு.

#23 – ஏஎம்ஈ_பம்மல்

இருக்கிறார் மேகலா. 81 வயது, தாம்பரத்தில் மகளோடு இருக்கிறார். கண் பார்வை குறைந்துவிட்டது. படத்தை அனுப்புங்கள், நேரில் போய் நான் விவரம் சொல்கிறேன். முடிந்தால் ஹனேதாவில் அந்தச் சுவரையும் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். ரிவெட் வரிசை எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது, எத்தனை துளை தூரம் நேராக ஓடியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். முதலில் அதைத்தான் அவர் கேட்பார்.